காந்த ஊசிக்குக் காவல் இருந்தவர்

திசைகாட்டியில் உள்ள காந்த ஊசி வடக்கைக் காட்டிக்கிட்டு அசையாம நிற்கும்னு நினைக்கிறோம். உண்மையில் அது தினமும் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைகிறது. சில நாள் திடீர்னு துள்ளும். அந்தத் துள்ளலைப் பிடிக்கவே ஆயுசைக் கழித்தவர் ஜான் ஆலன் புரௌன்.

இவர் 1817-ல் ஸ்காட்லாந்தில் டம்பிரீஸ் என்ற ஊரில் பிறந்தார். எடின்பரோவில் படித்தார். 1842 முதல் 1849 வரை ஸ்காட்லாந்திலேயே ஒரு காந்த ஆய்வகத்தை நடத்தினார். 1852-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்குத் தலைவராக திருவனந்தபுரம் வந்தார். அதை 1837-ல் ஆரம்பித்தவர் சுவாதித் திருநாள் மகாராஜா. (கீர்த்தனை எழுதிய அதே ராஜாதான்!)

இவ்வளவு தூரம் ஏன் வரணும்? பூமத்திய ரேகை மாதிரி காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு. அங்கே காந்த ஊசியைத் தொங்கவிட்டால் மேலேயும் கீழேயும் சாயாமல் படுக்கையாக நிற்கும். திருவனந்தபுரம் அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கிட்டே இருந்தது.

கருவி என்று பார்த்தால் பட்டு நூலில் தொங்கும் காந்தம், அதோடு ஒரு சின்னக் கண்ணாடி. தள்ளி உட்கார்ந்து தொலைநோக்கி வழியா கண்ணாடியில் தெரியும் அளவுகோலைப் படிக்கணும். பக்கத்தில் இரும்புச் சாவி இருந்தால்கூட கணக்கு கெட்டுப்போகும். ராத்திரி பகல் பார்க்காமல் மணிக்கு மணி அளவு எடுத்தார்கள். ராத்திரியில் முழித்திருந்தவர்களில் உள்ளூர் உதவியாளர்களும் உண்டு. அவர்களை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதோடு விடவில்லை. உயரத்தில் மாற்றம் எப்படி இருக்கும்னு பார்க்க, 1855-ல் நம்ம பொதிகை அகத்தியர் மலை உச்சியிலும் ஒரு ஆய்வகம் கட்டினார். 6,000 அடிக்கு மேலே! யானைக் காட்டைத் தாண்டி, மழையிலும் காற்றிலும் நூலில் தொங்கும் காந்தத்தைச் சுமந்து போய் வைப்பது சாதாரண வேலையா?

பல நாட்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காந்த வலிமை ஏறுவதும் இறங்குவதும் உலகம் பூராவும் ஒரே சமயத்தில் நடந்தது. பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய 26 நாளுக்கு ஒருமுறை திரும்பி வந்தன. சூரியன் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் காரணம் சூரியனில் இருக்கு என்று சொன்னார்.

சூரியனிலிருந்து வேகமாக வரும் மின்துகள் கூட்டம் பூமியின் காந்தப்புலத்தை மோதி அமுக்குகிறது, அதனால் சில நிமிடத்தில் ஊசி துள்ளுகிறது என்பது இன்று தெரியும். காந்த நடுக்கோட்டுப் பக்கம் பகலில் அந்தத் துள்ளல் இன்னும் பெரிசு. அங்கே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் வானத்தில் ஒரு பலத்த மின்னோட்டம் ஓடுவதுதான் காரணம். திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இதையெல்லாம் அளக்கிறது.

புரௌன் 1865-ல் ஊர் திரும்பினார். உடம்புக்கு முடியாதபோதும் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. 1874-ல் லண்டனில் வந்த அவருடைய புத்தகத் தலைப்பிலேயே அகத்தியர் மலை பேர் இருக்கிறது. 1878-ல் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. அடுத்த வருஷமே, 1879-ல், லண்டனில் இறந்துபோனார்.