ஜன்னலைத் திறக்கச் சொன்ன வைத்தியர்



ஆண்டு மலர் என்றால் மிஷனரிமாரின் வாழ்க்கை வரலாறு ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். இம்முறை, மிஷன் பாடசாலைகளைக் குறை சொல்லி அறிக்கை எழுதிய ஒரு வைத்தியரைப் பற்றிச் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள். அவர் பெயர் பீட்டர் ஹென்டர்சன் பிரைஸ்.

1853இல் ஒன்றாரியோவில், பிரான்ட்ஃபோர்ட் நகருக்கு அருகே மவுண்ட் பிளெசன்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். 1882இல் மாகாணச் சுகாதார சபையின் செயலாளரானார். 1904இல் ஒட்டாவா அரசு பூர்வகுடி மக்களின் சுகாதாரப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது.

விடுதிப் பாடசாலை என்றால் நமக்கு நல்ல நினைவுதான். 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையால் எத்தனை குடும்பங்கள் தலைநிமிர்ந்தன! இங்கே கதை வேறு. அரசு பணம் கொடுக்க, கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள் பாடசாலைகளை நடத்தின. பிள்ளைகளின் தலைமயிரை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். பனியிலும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்கும் உங்களுக்கு அதன் கொடுமையை நான் விளக்கத் தேவையில்லை.

1907இல் பிரைஸ் மேற்குப் பகுதியில் 35 பாடசாலைகளைப் பார்த்தார். விறகுச் செலவை மிச்சம் பிடிக்கக் குளிர்காலம் முழுவதும் ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். இருமும் பிள்ளையும் இருமாத பிள்ளையும் ஒரே அறையில் படுத்தார்கள். வெளிநாட்டில் நான் தாதிப் பயிற்சி எடுத்தபோது, காசநோய் வாட்டில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே ஜன்னலைத் திறப்பதுதான். 15 பாடசாலைகள் கணக்குக் கொடுத்தன: 1,537 பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இறந்திருந்தார்கள். ஒரு பாடசாலையில் படித்து வெளியேறியோரில் 69 சதவீதம் உயிரோடு இல்லை.

பத்திரிகைகள் எழுதின. பிறகு அடங்கிவிட்டன. 1909இல் அல்பேர்ட்டாவில் 243 பிள்ளைகளைப் பரிசோதித்த பிரைஸ், பாடசாலைகளை அரசே பொறுப்பேற்று வைத்திய முறைப்படி நடத்தவேண்டும் என்றார். திருச்சபைகளும் விரும்பவில்லை, அரசும் விரும்பவில்லை. திணைக்களத்தில் அதிகாரம் பெற்ற டங்கன் காம்பெல் ஸ்கொட், இனி வருடாந்த அறிக்கையே வேண்டாம் என்று நிறுத்தினார். 1920இல் இப்பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவது சட்டப்படி கட்டாயமானது. அடுத்த ஆண்டு பிரைஸை ஓய்வில் அனுப்பினார்கள்.

வேலை போனபின் வாய் திறக்கலாம் அல்லவா? 1922இல் ஒரு தேசியக் குற்றத்தின் கதை என்ற பெயரில் சிறு நூல் வெளியிட்டார். ஒட்டாவா நகரம் ஒரே ஆண்டில் தன் காசநோயாளருக்கு 33,000 டொலருக்கு மேல் செலவிட்டது. ஏறக்குறைய அதே தொகையான பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் அரசு ஒதுக்கியது 10,000 டொலர் என்று அதில் கணக்குக் காட்டினார். அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. 1932 ஜனவரியில், மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் கப்பலில் இறந்தார். கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டதோ 1990களில்தான். நம்மில் பலர் அப்போது மொன்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

ஒட்டாவா போனால் பீச்வுட் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். பிரைஸ் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஸ்கொட்டும் அதே தோட்டத்தில்தான்.