குற்றாலத்து ரசிகமணி

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல்தான். சாரல் காலத்தில் அவ்வழியே போனவர்கள் எல்லாரும் அருவிக்காகப் போனதில்லை. ராஜாஜியும் கல்கியும் தேடிப் போனது ரசிகமணி டி.கே.சி.யை.

1882-ல் பிறந்த டி.கே.சிதம்பரநாத முதலியார் வக்கீலுக்குப் படித்தவர். அறநிலையக் கமிஷனராகவும் இருந்தார். அதெல்லாம் உத்தியோகம். குற்றாலத்தில் குடியேறுமுன், வண்ணார்பேட்டை வீட்டு வட்டத்தொட்டியில் கூடிய அன்பர்களுக்கு அவர் கற்பித்ததுதான் வித்தை. பதம் பிரித்து உரை சொல்வதல்ல அது. கம்பன் எந்தச் சொல்லை எந்த இடத்தில் வைத்தான், ஓசை எப்படிப் பாத்திரத்தின் உணர்ச்சியாகிறது என்று காதால் கேட்டு அறிவது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டுவார்.

அந்தக் காதே வம்பையும் கொண்டுவந்தது. தமக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். சொற்களைத் திருத்தவும் செய்தார். பண்டிதர்கள் கொதித்தார்கள். ஏட்டுச் சான்று கேட்டவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது.

இடைசெவல் இளைஞர்கள் கு. அழகிரிசாமிக்கும் கி. ராஜநாராயணனுக்கும் அந்தச் சண்டை முக்கியமல்ல. டி.கே.சி. நாவல் எழுதியவரல்லர், ஆனால் அவருடைய கடிதங்கள் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். பேச்சும் இலக்கிய நடையாகலாம் என்பதற்கு அவையே சாட்சி.

1954 பிப்ரவரி 16-ல் ரசிகமணி குற்றாலத்தில் காலமானார். கரிசல் பேச்சிலேயே கதை சொல்லும் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வெளிவந்தது.