நீல நிறத்தில் நோயை அளந்தவர்

சென்ற மார்கழியில் ஒருநாள் விடியற்காலை எங்கள் ஆயாவுக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, வாயும் கோணிற்று. அடி அண்ணாமலையில் இதை வாதம் என்பார்கள். எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்று நண்பகல் வரை வீட்டிலேயே வைத்திருந்து, பிறகே ஆட்டோவில் திருவண்ணாமலைக்குக் கொண்டு சென்றோம். மூளையின் இரத்தக்குழாய் அடைத்ததா, வெடித்ததா என்று ஸ்கேன் எடுத்துத்தான் அறிய முடியும் என்றார் மருத்துவர். அடைப்பானால் நாலரை மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்து செலுத்தலாம். வெடிப்புக்கு அதே மருந்து எமனாகிவிடும். ஸ்கேனில் அடைப்பு என்று தெரிந்தபோது அந்த நேரம் கடந்திருந்தது. ஒரு துளி இரத்தம் இதைச் சொல்லாதா என்று கேட்டேன். அப்படிப்பட்ட சோதனை இன்னும் நம் ஊர்களுக்கு வரவில்லை என்றார்.

அந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோது நான் கண்டுகொண்டவரே எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895இல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அதனால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். ஆயினும் சோர்ந்தாரில்லை. அமெரிக்கா சென்று, மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ந்தார்.

1925இல் ஃபிஸ்க் என்ற ஆசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வெளியிட்டார். புரதம் நீக்கிய கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, ஓர் ஒடுக்கும் பொருளை இட்டால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். சிறுநீரகம் கெட்டால் இந்த அளவு கூடும். கண்ணுக்குத் தெரியாத நோயைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக்கிய வித்தை இது! நம் ஆய்வகத்து நிறமானியில் அந்த நீலத்தை நானும் கண்டு மெய்சிலிர்த்தேன்.

அம்முறையே அவரை 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினுக்கும், 1929இல் உயிர்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.க்கும் இட்டுச் சென்றது. பாஸ்போகிரியேட்டினோடு தொடர்புடைய கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியைப் பிற்காலத்து மருத்துவர்கள் இரத்தத்தில் அளந்து மாரடைப்பைக் கண்டறிந்தனர்.

ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்காமல் 1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியதும், இரத்தப் புற்றுநோய்க்கு எதிரான அமினோப்டெரினும், யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டைஎதில்கார்பமசினும் அவர் வழிநடத்திய குழுவினரின் கொடைகளே. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். அந்த நொதிச் சோதனை அவர் காலத்தில் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 1995இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இன்று ஜி.எப்.ஏ.பி. என்ற மூளைப் புரதத்தை இரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள். குழாய் வெடித்திருந்தால் முதல் சில மணி நேரங்களிலேயே அது மிகுந்து காணப்படுகிறது. ஆனால் ஸ்கேனுக்கு இணையாக அதை இன்னும் நம்ப முடியாது. அது நம்பத்தக்கதாகும் நாளில் ஆம்புலன்ஸிலேயே அடைப்பா, வெடிப்பா என்று சொல்லிவிடலாம்.

ஆயா இப்போது இடக்கையால் சோறு உண்கிறாள். கல்லூரி வாசலை எங்கள் குடும்பத்தில் முதலில் மிதித்தவன் நான். மாணவ நண்பர்களே, மூன்றாம் முறை தேறியவரால் இவ்வளவு முடிந்ததென்றால், நம்மால் ஏதேனும் ஒன்று முடியாதா? அதுவரை ஒன்று செய்வோம்: முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெயைத் தேடாமல் 108ஐ அழைப்போம்.