பாலத்துக்குப் போகாத தலைமைப் பொறியாளர்

மலர்க் குழு நண்பர்கள் போனில் பேசியபோது, பிராஜெக்ட் மேனேஜர் வேலையில் டென்ஷனைச் சமாளிப்பது எப்படி, வேலையில் வளர்வது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். பழைய மாணவர்களுக்கும் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படுகிற மாதிரி இருக்கவேண்டுமாம். பத்துப் பாயிண்ட் போட்டு எழுதிவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். விடியற்காலை நடை, நேரத்துக்குத் தூக்கம், உப்பைக் குறை... மூன்றாவது பாயிண்ட்டிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்யாதவன் நான். என்னோடு 1984 சிவில் செட்டில் படித்தவங்களைக் கேட்டால் சொல்வாங்க. ஆகவே அறிவுரையை ஓரங்கட்டிவிட்டு, என்னை விடப் பெரிய தப்பும் என்னை விடப் பெரிய வேலையும் செய்த ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் வாஷிங்டன் ரோப்லிங். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர். நம் பாடப்புத்தகத்தில் தொங்குபாலம் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு மங்கலான படம் இருக்குமே, அதே பாலம்தான். வேலை நடந்தது கிட்டத்தட்ட 14 வருஷம். அதில் கடைசிப் பத்து வருஷத்துக்கு மேல் இவர் சைட்டில் காலே வைக்கவில்லை.

பாலம் உண்மையில் இவர் அப்பாவின் கனவு. ஜான் ரோப்லிங் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்து, கம்பி வடம் தயாரித்து, நயாகராவிலும் சின்சினாட்டியிலும் தொங்குபாலம் கட்டிப் பெயர் வாங்கியவர். கெட்டிக்காரர், ஆனால் வீட்டில் படுகண்டிப்பு. மகன் 1837-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார். டிராய் நகரத்து ரென்ஸலர் பாலிடெக்னிக்கில் படித்து 1857-ல் பட்டம் பெற்றார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து கெட்டிஸ்பர்க் சண்டை வரை பார்த்தார். தன் மேலதிகாரியாக இருந்த தளபதி வாரனின் தங்கை எமிலியை 1865-ல் கல்யாணம் செய்துகொண்டார். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1867-ல் அப்பா இவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். எமிலியும் கூடப் போனார். தேனிலவு மாதிரி தோன்றினாலும் வேலை வேறு. ஆற்றுக்கு அடியில் காற்றழுத்தப் பெட்டி வைத்து அஸ்திவாரம் தோண்டும் முறை அங்கேதான் நடைமுறையில் இருந்தது. அதை நேரில் பார்த்து, விசாரித்து, குறிப்பெடுத்துத் திரும்பினார். டிகிரி வாங்கிப் பத்து வருஷம் ஆன பிறகு, போரும் பாலமும் பார்த்த பிறகு, மறுபடியும் மாணவனாகப் போயிருக்கிறார். நம்ம ஆட்களில் எத்தனை பேர் போவோம்?

1869 ஜூன் 28. அப்பா படகுத்துறையில் நின்று பாலத்தின் இடத்தை அளந்துகொண்டிருந்தபோது, கரை சேர்ந்த படகு மோதிக் கால் நசுங்கியது. விரல்களை எடுத்தார்கள். அதற்கப்புறம் டாக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வைத்தியத்தைத் தானே செய்துகொண்டார். ஜன்னி கண்டு ஜூலை 22-ல் இறந்தார். மகனுக்கு வயது 32. உலகத்திலேயே நீளமான தொங்குபாலம், 1595 அடி நடு இடைவெளி. அஸ்திவாரத்துக்கு முழு வரைபடம்கூடத் தயாராகவில்லை. அந்தப் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது.

காற்றழுத்தப் பெட்டி என்றால் என்ன என்று மற்றப் பிரிவு நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாளித் தண்ணீரில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று இருக்கும், தண்ணீர் ஏறாது. அந்த டம்ளரை 168 அடி நீளம், 102 அடி அகலத்தில் மரத்தால் செய்து ஆற்றடியில் இறக்குகிறார்கள். மேலே கல் கோபுரம் எழும்ப எழும்ப அதன் பாரத்தில் பெட்டி கீழே இறங்கும். உள்ளே ஆட்கள் நின்று மண்ணையும் பாறையையும் தோண்டி வெளியே அனுப்புவார்கள். ஆழம் கூடக் கூட உள்ளே அடைக்கும் காற்றின் அழுத்தமும் கூடவேண்டும்.

1870-ல் புரூக்ளின் பக்கத்துப் பெட்டி இறங்கியது. முதலில் வாரத்துக்கு ஆறங்குலம்தான். பெரிய பெரிய பாறைகள். வெடி வைத்தால் அழுத்தத்தில் இருக்கிறவர்களின் காது கிழியுமோ, மரம் பிளக்குமோ என்று ஒருவருக்கும் தெரியாது. ரோப்லிங் தானே உள்ளே போய்த் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்து, அப்புறம் சின்ன வெடி வைத்துப் பார்த்து, மெல்ல மெல்லக் கூட்டினார். எங்கே சிக்கலோ அங்கே அவர். உதவிப் பொறியாளர்களில் எவரும் அவரளவு நேரம் பெட்டிக்குள் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் நான் அங்கே இருந்திருந்தால் தலைவர் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று கைதட்டியிருப்பேன்.

அந்த வருஷம் டிசம்பரில் ஒரு மெழுகுவர்த்தியின் சுடர் கூரை மரத்தின் இடுக்கில் பற்றிக்கொண்டது. அழுத்தக் காற்றில் தீ உள்ளுக்குள்ளேயே கனன்று மரத்தைத் தின்றது. ராத்திரி முழுக்க ரோப்லிங் உள்ளே நின்றார். விடியும் நேரத்தில் தீ அடங்கியது என்று நினைத்து மேலே வந்தவருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. வீட்டில் படுக்கவைத்து உடம்பைத் தேய்த்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் தீ இன்னும் அணையவில்லை என்று ஆள் வர, எழுந்து திரும்பவும் போனார். கடைசியில் பெட்டிக்குள் தண்ணீரை நிரப்பித்தான் அணைத்தார்கள். பாடம் வீண் போகவில்லை. நியூயார்க் பக்கத்துப் பெட்டிக்கு உள்பக்கம் முழுக்க இரும்புத் தகடு அடித்தார். பாலம் பாடம் கற்றுக்கொண்டது, மனிதர் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

நியூயார்க் பக்கம் ஆழம் அதிகம். 1872 வசந்த காலத்தில் வேலையாட்கள் மேலே வந்ததும் மூட்டு வலியில் சுருண்டு விழுந்தார்கள். கோலி சோடாவை உடைத்ததும் குமிழி பொங்குகிறதல்லவா, அதுபோல அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், ஆள் சட்டென்று வெளியே வந்ததும் குமிழியாகிறது. மிக மெதுவாக வெளியே வந்தால் போதும் என்பது அன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. வேலைத்தளத்து டாக்டர் ஆண்ட்ரூ ஸ்மித் 110 பேரைப் பதிவு செய்திருக்கிறார். மூன்று பேர் இறந்தார்கள்.

பெட்டி 78 அடி ஆழத்தைத் தாண்டியிருந்தது. அடிப்பாறை இன்னும் கீழே, அதுவும் மேடும் பள்ளமுமாக. ரோப்லிங் மண்ணைச் சோதித்தார். இறுகிப்போன மணல், படிந்த காலத்திலிருந்து அசையாதது. பாறை வரை போனால் எத்தனை உயிர் போகுமோ என்று யோசித்து, மே மாதம் 78 அடி 6 அங்குலத்தில் நிறுத்தச் சொன்னார். இன்றைக்கும் அந்தக் கோபுரம் மணல் மேல்தான் நிற்கிறது. கட்டிய பெருமையை விட நிறுத்திய இந்த முடிவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தப்பாகியிருந்தால் காலத்துக்கும் திட்டு வாங்கியிருப்பார். கீழே போவது எளிது, பழியில்லை. நிற்பதற்குத்தான் படிப்பும் நெஞ்சுரமும் வேண்டும்.

ஆனால் அவர் உடம்பு அதற்குள் போய்விட்டது. அந்த வருஷமே மறுபடி விழுந்தார். வருஷக் கடைசிக்குள் வீட்டோடு படுக்கை. கை கால் வலி, கண் மங்கல், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, நாலு பேரோடு பேசினால்கூடத் தாங்காது. குமிழி நோய் மட்டுமில்லை, மூன்று வருஷ மன உளைச்சலும் சேர்ந்து நரம்பை உடைத்துவிட்டது என்று பின்னால் அவரைப் பற்றி எழுதியவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பாலம் முடியும் வரை உயிரோடிருப்போமா என்ற பயத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினார், வரைந்தார். வடம் எப்படி நூற்க வேண்டும், நங்கூரம் எப்படிக் கட்டவேண்டும் என்று ஒவ்வொன்றாக, தலைக்குள் இருந்த பாலத்தை இறக்கிக் காகிதத்தில் வைத்தார். மார்ட்டின், காலிங்வுட், பெய்ன் போன்ற உதவிப் பொறியாளர்கள் அதை வாங்கிச் செய்தார்கள். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1999-ல் ஓர் ஆற்றுப் பாலத்தில் கிணறு இறக்கும்போது சாய்ந்துவிட்டது. நிமிர்த்தும் வரை மூன்று நாள் சைட்டை விட்டு நகரமாட்டேன் என்று நின்றவன், நான்காம் நாள் ரத்தக்கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். 12 நாள். எந்த கான்ட்ராக்டருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன், எந்த அளவை மாற்றச் சொன்னேன் என்பதெல்லாம் என் மண்டைக்குள்தான். ஜூனியர்கள் பாவம், திருதிருவென்று விழித்தார்கள். குற்றம் அவங்க மேல இல்லை.

ரோப்லிங் கட்டிலில் இருக்க, வெளியே போனது எமிலி. பொறியியல் படித்தவரல்ல. வடத்தின் வளைவுக் கணக்கு, பொருள்களின் வலிமை என்று ஒவ்வொன்றாகக் கற்றார். கணவர் சொல்வதை எழுதி, சைட்டுக்குப் போய்ப் பொறியாளர்களிடம் விளக்கி, அவர்களின் கேள்விகளோடு திரும்பினார். எஃகு ஆலைக்காரர்கள் ஒரு துண்டின் வடிவம் புரியாமல் வந்தபோது அவரே படம் வரைந்து காட்டினாராம். உண்மையான தலைமைப் பொறியாளர் இந்த அம்மாதான் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை. 1877-லிருந்து கொலம்பியா ஹைட்ஸ் தெருவில் வீடு. ஜன்னலோரம் உட்கார்ந்து தொலைநோக்கியில் ரோப்லிங் பாலத்தைப் பார்ப்பார்.

தொல்லை ஓயவில்லை. கம்பி சப்ளை செய்த கான்ட்ராக்டர், சோதனையில் தேறிய கம்பியை வழியில் மாற்றி மட்டக் கம்பியை அனுப்பியது 1878-ல் பிடிபட்டது. அதற்குள் நிறைய வடத்தில் ஏறிவிட்டது, பிரிக்க முடியாது. ரோப்லிங் பதறவில்லை. தேவைக்கு ஆறு மடங்கு வலிமை வைத்திருந்தார். கெட்டது போக ஐந்து மடங்காவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு வடத்திலும் 150 நல்ல கம்பி கூடச் சேர்க்கச் சொன்னார், காசு மோசடிக்காரன் கணக்கில். படுக்கையிலிருந்தபடி! முதல் மூன்று வருஷத்து ரோப்லிங்காக இருந்தால் கம்பிக் கிடங்கில் பாய் போட்டுப் படுத்திருப்பார்.

1882-ல் புரூக்ளின் மேயர் சேத் லோ, சைட்டுக்கே வராத பொறியாளர் எதற்கு என்று அவரை மாற்றக் கிளம்பினார். மேயருக்கு அப்போது வயது 32, ரோப்லிங் பொறுப்பேற்ற அதே வயது. செப்டம்பரில் நிர்வாகிகள் ஓட்டுப் போட்டார்கள். 10-க்கு 7, ரோப்லிங்கே இருக்கட்டும் என்று முடிவானது. மூன்று ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்தார்.

1883 மே 24-ல் திறப்பு விழா. அதற்குச் சில நாள் முன்பே எமிலி, கையில் ஒரு சேவலோடு, முதல் ஆளாக வண்டியில் பாலத்தைக் கடந்தார். சேவல் வெற்றிக்கு அடையாளமாம். விழாவுக்கு ரோப்லிங் போகவில்லை, ஜன்னலில்தான். விழா முடிந்து ஜனாதிபதி ஆர்தர் வீட்டுக்கே வந்து கைகுலுக்கினார்.

எமிலி 1899-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான சட்ட வகுப்பை முடித்தார், வயது 56 நெருங்கும்போது. 1903-ல் காலமானார். நோயாளி என்று எல்லோரும் கைவிட்ட ரோப்லிங் அதற்குப் பிறகும் 23 வருஷம் இருந்தார். 1921-ல், 84 வயதில், குடும்பக் கம்பிக் கம்பெனிக்குத் தலைவராக மறுபடி உட்கார்ந்து, புரூக்ளினை விட நீளமான பேர் மவுண்டன் பாலத்துக்கு வடம் செய்து கொடுக்கிற வேலையை நடத்தினார். 1926-ல் இறந்தார்.

2014-ல் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் என் மனைவியும் அந்தப் பாலத்தில் நடந்தோம். நடுவில் நடப்பவர்களுக்கென்று மரப்பலகைப் பாதை உயரத்தில் போகிறது. கோபுரத்தில் 1951-ல் பதித்த ஒரு பலகை இருக்கிறது. அதில் முதலில் எமிலியின் பெயர், அப்புறம்தான் கணவர், மாமனார். ஆஸ்பத்திரியில் நான் கிடந்த அந்த 12 நாளும் வீட்டுப் போனில் சைட்டிலிருந்து வந்ததையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து, பஸ் பிடித்து வந்து எனக்குப் படித்துக் காட்டி, என் பதிலைத் திரும்பப் போனில் சொன்னவள் அவள்தான். பலகையை இரண்டு தடவை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் கொலம்பியா ஹைட்ஸ் எந்தப் பக்கம் என்று தேடுகிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.