மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ஈகை

தருமபுரி நாட்டார்க்குப் பஞ்சம் என்னும் சொல்லின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாது வருஷத்துப் பஞ்சக் கதை முதியோர் வாய்மொழியாக நம்மவர் இல்லங்களில் வழங்கி வந்ததொன்று. அக்காலத்தே தருமபுரி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தாலூக்காவாக இருந்தது. 1871ஆம் வருஷத்துக் குடிமதிப்பில் அந்த ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. 1881இல் 16 லட்சத்துக்கும் குறைந்துவிட்டது. இடையே நேர்ந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். அப்பஞ்சத்தில் தம் கைப்பொருளை வாரி வழங்கிய ஒருவரின் சரிதத்தைச் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் வருஷம் அக்டோபர் 11ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், கத்தோலிக்க வேளாளர் குடியில் சவரிமுத்துப் பிள்ளையின் புதல்வராகத் தோன்றினார். தமிழும் ஆங்கிலமும் கற்று, கோர்ட்டில் சிற்றுத்தியோகத்தில் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளராகிப் பின்பு முன்சீப் பதவி பெற்றார். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறையில்) நெடுநாள் நியாயம் வழங்கியமையால் அவ்வூர்ப் பெயரே அவர்க்கு அடையாயிற்று. 1859இல் நீதிநூலும், 1869இல் பெண்மதிமாலையும், 1879இல் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரமும் வெளிவந்தன. இவற்றை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பர், ஆதலின் விரிக்கவில்லை.

நாம் நின்று நோக்க வேண்டுவது வேறொன்று. அவர் 1872இலேயே உத்தியோகத்தை விட்டு நீங்கியவர். பஞ்சம் வந்தபோது மாதச் சம்பளம் இல்லை. நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்து பாடிய நியாயாதிபதிக்கு மறைவான சேமிப்பு ஏது? இருந்தது பாடுபட்டுத் தேடிய பொருளே. அரசாங்கமோ 1877இல், நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று படியைக் குறுக்கிற்று; தானிய ஏற்றுமதியையும் தடுத்திலது. காவிரிப் பாய்ச்சலால் தஞ்சை நாடு ஓரளவு தப்பிற்று. ஆகவே வறண்ட சீமைகளினின்றும் ஜனங்கள் அத்திசை நோக்கி நடந்தனர். வந்தவர்க்கும் உள்ளூர் ஏழைகட்கும் பிள்ளையவர்கள் கஞ்சி வார்க்கும் இடங்களை ஏற்படுத்தித் தம் பொருளைச் செலவிட்டார்.

இரண்டு சிறு காசுகளைக் காணிக்கையிட்ட ஏழைக் கைம்பெண்ணைச் செல்வர் எல்லாரினும் மேலாக இயேசு மதித்ததாகச் சுவிசேஷம் கூறுகின்றது. மிகுதியிலிருந்து கொடுப்பது ஒன்று. ஜீவனத்துக்குரியதிலிருந்து கொடுப்பது மற்றொன்று. பிள்ளையவர்களின் ஈகை இரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதே நம் கருத்து. மேலும், மாயூரம் பெரிய சைவத்தலம். கஞ்சிக்கு நின்றவர்களுள் கிறிஸ்தவர் சிலராகவே இருந்திருப்பர். 1878இல் வெளிவந்த அவருடைய கீர்த்தனை நூலுக்கும் சர்வசமய சமரசம் என்றே பெயர். அவரை நம் குலத்தவர் என்று நாம் உரிமை பாராட்டுவது உண்மையே. ஆயினும் நம் சங்கத்தில் தர்மத்துக்குப் பணம் சேர்க்கும்போது, வாங்குபவன் நம்மவன்தானா என்று முதலில் வினவும் வழக்கத்துக்கு அவரைச் சாட்சியாக அழைக்க இயலாது.

நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு உள்ளம் உருகினார். அந்தணர், சிவபக்தர், ஆயினும் ஒரு கிறிஸ்தவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது பிள்ளையவர்களின் வேதம் விதித்த நெறி. பாரதியாரின் பாட்டாலோ ஊரெல்லாம் அறிந்துவிட்டது. வேதநாயகம் பிள்ளை 1889ஆம் வருஷம் ஜூலை 21ஆம் தேதி காலமானார்.