கம்பெனி ஊரைவிட்டுக் கிளம்பியவர்

தங்கா பத்து, தஞ்சோங் கிளிங் பக்கமிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்கு ஜாலான் முன்ஷி அப்துல்லா பழகிப்போன பெயர். பள்ளியில் அவரை நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று படிக்கிறோம். தேர்வுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அவர் வாழ்க்கையில் வேறொரு கதையும் இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றின் நிழலில் வளர்ந்து, தன் ஊர் தேய்வதைக் கண்ணால் பார்த்து, போவதா இருப்பதா என்று இருபது ஆண்டுகள் இரண்டு ஊர்களுக்கு நடுவே அலைந்தவரின் கதை அது. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிடாதே என்ற அறிவுரையைக் கேட்டு வளர்கிற நம் தலைமுறைக்கு அந்தப் பகுதிதான் அதிகம் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

மலாக்காவை 1641 முதல் ஆண்டது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய வணிக நிறுவனம் அது. கடனில் மூழ்கி 1799இல் இல்லாமல் போயிற்று. அதற்கு முன்பே, 1795இல், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி மலாக்காவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதே தவிர, ஊரை வளர்க்கும் எண்ணம் அதற்கு இல்லை. பினாங்குதான் அதன் செல்லப்பிள்ளை. 1807இல் மலாக்காக் கோட்டையையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்று ஏ ஃபமோசா என்று நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வாசல் அதில் தப்பிய மிச்சம். அந்த வெடிச்சத்தத்தைக் கேட்டவர்களில் அப்துல்லாவும் ஒருவர். அப்போது அவருக்குப் பதினொரு வயது இருக்கும்.

அவர் 1796இல் கம்போங் பாலியில் பிறந்தார். கொள்ளுத்தாத்தா ஏமன் நாட்டவர். நாகூரில் சமயம் கற்பித்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அந்த வழி வந்த தாத்தா மலாக்காவில் குடியேறினார். அப்பா மலாய் எழுத்தில் வல்லவர், கண்டிப்பானவர். உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சிறு வயதிலேயே இறந்துபோக, நோஞ்சானாக மிஞ்சிய கடைசிப் பிள்ளை அப்துல்லா. குர்ஆன் ஓதக் கற்ற பிறகு, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். அன்றைய மலாக்காவில் கணக்கு வழக்கும் வியாபாரப் பேச்சும் தமிழில் நடந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாகவே இருந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்தச் செய்தியை யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு நாள் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள ஒரு நகோடா, அதாவது கப்பல் தலைவர், வீட்டுக்கு வந்தார். அப்பா இல்லை. பையனே துணிந்து எழுதிக் கொடுத்துவிட்டான். அப்பா அதைப் பார்த்து உள்ளுக்குள் மகிழ்ந்தாராம், வெளியே மெச்சிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக் கண்டிப்பு எப்படிப்பட்டது என்பதை இந்தச் சின்ன நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கும் அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஆசிரியர் என்ற பொருளில் முன்ஷி என்று அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தான்.

1810 கடைசியில் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். ஜாவா மீது படையெடுக்கக் கம்பெனி தயாராகிக்கொண்டிருந்தது. மலாய் அரசர்களுக்குக் கடிதங்கள் போக வேண்டும், பழைய ஏடுகளைப் படியெடுக்க வேண்டும். அந்த எழுத்தர்களில் வயதில் சிறியவர் அப்துல்லா. காட்டு இலைகளுக்கு ஓர் ஆள், பூச்சிகளுக்கு ஓர் ஆள், சிப்பிகளுக்கு ஓர் ஆள் என்று ராஃபிள்ஸ் தனித்தனியே சம்பளத்துக்கு அமர்த்தியதையும், இரவு வெகுநேரம் விழித்திருந்து எழுதியதையும் அந்தப் பையன் கவனித்துக்கொண்டே இருந்தான். 1811இல் கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு வந்து இறங்கியபோது, ஆடம்பரத்தை எதிர்பார்த்துப் போய், எளிய உடையில் ஒரு மெலிந்த முதியவரைக் கண்டு வியந்தான். பிற்காலத்தில் அவர் புத்தகத்துக்கு உயிர் கொடுத்தது இந்தப் பார்க்கும் பழக்கம்தான்.

படை ஜாவாவுக்குப் புறப்பட்டபோது ராஃபிள்ஸ் அவரையும் கூப்பிட்டார். பதினைந்து வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு வராது. ஆனால் அம்மா சம்மதிக்கவில்லை. மிஞ்சிய ஒரே பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. அப்துல்லா மலாக்காவில் தங்கிவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. வேலையை விடுவதோ பிடித்துக்கொள்வதோ தனி மனிதன் ஒருவனே எடுக்கும் முடிவு என்று நாம் பேசுகிறோம். நம் வீடுகளில் அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?

தங்கியவர் சும்மா இருக்கவில்லை. 1815இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். 1818இல் ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்துல்லா பாதிரிமாருக்கு மலாய் கற்பித்தார், அவர்களிடம் ஆங்கிலம் கற்றார், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கவும் பழகினார். மதம் மாற்றிவிடுவார்களோ என்று அப்பாவுக்குக் கோபம். ஊரில் சிலர் அவரையே பாதிரி என்று கேலி செய்தார்கள். அவர் மாறவும் இல்லை, படிப்பை விடவும் இல்லை.

அதே 1818இல் மலாக்கா மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கொடி ஏற்றினார். முன்பு மலாக்காவை நிர்வகித்த ஃபார்குவார்தான் அங்கே பொறுப்பாளர். அவர் மலாக்காக்காரர்களை உணவுப் பொருள்களோடு வரச்சொல்லி அழைத்தார். டச்சு நிர்வாகம் போகக்கூடாது என்று தடுத்தது. காவல் படகுகளுக்கும் கடற்கொள்ளையருக்கும் தப்பி மக்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். மலாக்காவில் வேலை இல்லை, சிங்கப்பூரில் கோழிக்கும் காய்கறிக்கும் நல்ல விலை. சிறிது காலத்துக்குள் அப்துல்லாவும் கிளம்பினார்.

இங்கேதான் கதை நாம் எதிர்பார்க்கிற மாதிரி போகவில்லை. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு வெளியேறும் நாயகன் இல்லை அவர். குடும்பத்தை மலாக்காவில் வைத்துவிட்டு, தான் மட்டும் சிங்கப்பூரில் வேலை பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அங்கே ராஃபிள்ஸுக்கு எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மலாய் கற்பித்தார். 1823இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரைவிட்டுப் புறப்படும்போது அவர் கையில் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். மனம் உடைந்து அழுதாலும் அப்துல்லா அவர் பின்னால் போகவில்லை.

அடுத்த ஆண்டே பெங்கூலனுக்கு அருகே ஃபேம் என்ற கப்பல் தீப்பிடித்தது. ராஃபிள்ஸ் திரட்டிய மலாய்ச் சுவடிகள் ஏராளமாக அதில் அழிந்தன. அந்தச் செய்தி அவரை உலுக்கியது. கையால் படியெடுத்த உழைப்பு ஒரே இரவில் சாம்பலாவதைக் கேட்டவருக்கு, அச்சின் அருமை எல்லாரையும்விட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

1825இல் மலாக்கா மீண்டும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு வந்தது. பழைய செழிப்பு திரும்பவில்லை. 1832இல் நீரிணைக் குடியேற்றங்களின் தலைநகர் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியது. கம்பெனியின் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. இந்திய வணிகத்தின் தனியுரிமையை 1813இலேயே இழந்திருந்தது, 1833இல் சீன வணிகத்தின் தனியுரிமையும் போயிற்று. வணிகம் செய்யாத வணிகக் கம்பெனியாக அது மிஞ்சியது. இத்தனை மாற்றத்திலும் அப்துல்லாவின் பிழைப்பு முறியாததற்குக் காரணம் எளிது. அவருடைய முதல் அவரிடமே இருந்தது: மலாய், தமிழ், அரபு, இந்துஸ்தானி, ஆங்கிலம். டச்சுக்காரர் போனாலும் ஆங்கிலேயர் வந்தாலும், பாதிரியாரோ கப்பல் வணிகரோ, யாருக்கும் மலாய் தேவைப்பட்டது. ராஃபிள்ஸின் மேசையைவிட்டு எழுந்தபோது அவர் எதையும் அங்கே விட்டுவிட்டு வரவில்லை. மேலாளர் பெயரும் பதவிப் பெயரும் மட்டுமே சொத்தாக இருப்பவர்களுக்கு இது வாய்ப்பதில்லை.

1838இல் சிங்கப்பூர் வணிகர்களின் கடிதங்களைச் சுமந்து கிளந்தான் போய்வந்தார். அந்தப் பயணத்தையே ஒரு நூலாக எழுதினார். 1840 வாக்கில் மனைவி இறந்துபோனார். அதன்பிறகுதான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலாக்காவை முழுவதுமாக விட்டார். இருபது ஆண்டுத் தயக்கத்தை முடித்துவைத்தது அந்தத் துக்கம். வேலை நிமித்தமாக ஊரைவிட்டவர் என்று அவரை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார், உன் சொந்த வாழ்க்கையையே எழுதேன் என்று தூண்டினார். அரசர்களின் வரலாறும் மாயக் கதைகளும் எழுதப்பட்ட மொழியில் ஒரு சாதாரண ஆசிரியர் தன் கதையை எழுதுவது புதிது. 1843இல் எழுதி முடித்தார். ஹிக்காயாட் அப்துல்லா 1849இல் கல்லச்சில் வெளிவந்தது. கோட்டை வெடித்ததும், அம்மா அழுததும், தமிழ் படித்ததும் நமக்குத் தெரிவது அந்தப் புத்தகத்தால்தான். மலாய் அரசர்களின் கொடுமையை அவர் துணிந்து எழுதினார். ஆங்கிலேயரைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா இளகிவிடுகிறது. கம்பெனியின் குறைகளை இத்தனை அருகில் இருந்தவர் இன்னும் கூர்மையாகப் பார்த்திருக்கலாம். வேலை கொடுத்தவர் மீதிருந்த பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

1854இல் ஹஜ் கடமைக்காகக் கப்பல் ஏறினார். அந்தப் பயணத்திலேயே காலமானார். வழியில் எழுதிய குறிப்புகள் மட்டும் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து அச்சேறின. மகன் முகமது இப்ராஹிம் முன்ஷி ஜோகூர் அரசாங்கத்தில் சேர்ந்து உயர் அதிகாரியானார், அப்பாவைப் போலவே பயண நூலும் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனி 1858இல் ஆட்சியை இழந்து, 1874இல் சட்டப்படி கலைக்கப்பட்டது.