பயணம் புகட்டிய கல்வி

கல்வி ஏட்டோடு முடிவதன்று. ஏட்டில் கற்றதைக் கண்ணால் கண்டு, மாந்தரோடு பழகி உணரும்போதே அஃது உள்ளத்தில் வேரூன்றும். ஆதலின், பயணத்தையும் கல்வியின் ஒரு கூறாகவே அறிஞர் கொண்டனர். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது, தென் அமெரிக்கக் கண்டத்தில் 1952ஆம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மேற்கொண்ட நெடும்பயணமாகும். அம்மாணவரே, பிற்காலத்தில் சே குவேரா என உலகம் அறிந்த எர்னெஸ்டோ குவேரா ஆவார்.

இளமையும் நோயும்

எர்னெஸ்டோ குவேரா, அர்ஜென்டினா நாட்டின் ரொசாரியோ நகரில் 1928ஆம் ஆண்டு பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்னரே ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் அவரைப் பற்றியது. மகன் மூச்சுவிட இயலாமல் இரவெல்லாம் துன்புறுவதைக் கண்ட பெற்றோர், வறண்ட மலைக்காற்று அந்நோய்க்கு நன்மை தரும் என மருத்துவர் கூறக்கேட்டு, ஆல்டா கிராசியா என்னும் மலையூருக்குக் குடிபெயர்ந்தனர். நோயின் காரணமாகப் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல அவரால் இயலவில்லை. தாயார் செலியாவே வீட்டில் அவருக்கு எழுத்தறிவித்தார். படுக்கையில் கிடந்த நாள்களில் நூல்களே அவருக்குத் துணையாயின.

ஆயினும், நோய்க்கு அஞ்சி ஒடுங்கியிருக்க அச்சிறுவர் உடன்படவில்லை. நீந்தினார், மலையேறினார், வன்மை மிகுந்த ரக்பி ஆட்டத்திலும் கலந்துகொண்டார். ஆட்டத்தினிடையே மூச்சு முட்டினால், களத்தின் ஓரம் சென்று மருந்தை உள்ளிழுத்துக்கொண்டு மீண்டும் ஆட வருவார். அவ்வாட்டத்தில் அவரைப் பயிற்றியவர் அல்பெர்ட்டோ கிரனாடோ என்னும் இளைஞர். குவேராவினும் ஆறாண்டு மூத்தவரான கிரனாடோ, பின்னர் உயிர்வேதியியல் கற்றுத் தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்தார். இருவரிடையே நட்பு வளர்ந்தது.

மிதிவண்டியில் முதற்பயணம்

குவேரா புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மருத்துவம் பயின்றார். 1950ஆம் ஆண்டின் தொடக்கத்தில், விடுமுறையை ஊர் சுற்றிக் கழிக்க விழைந்தார். சிறு இயந்திரம் ஒன்றைத் தம் மிதிவண்டியில் பொருத்திக்கொண்டு, அர்ஜென்டினாவின் வடபகுதி நோக்கித் தனியே புறப்பட்டார். நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அவ்வழியில், கிரனாடோ பணிபுரிந்த மருத்துவமனைக்கும் சென்று சில நாள் தங்கினார். மூச்சுத் துன்பம் உடைய ஓர் இளைஞர் இத்துணைத் தொலைவைத் தனியாகக் கடந்தது, அடுத்த பெரும்பயணத்திற்கு ஒத்திகையாக அமைந்தது.

ஆற்றல் மிக்க வண்டி

கிரனாடோவிடம் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 1939ஆம் ஆண்டு செய்யப்பட்ட அவ்வண்டிக்கு, ஆற்றல் மிக்கது எனப் பொருள்படும் பெயரை அவர் சூட்டியிருந்தார். பெயருக்கும் வண்டிக்கும் பொருத்தம் மிகுதியில்லை. எனினும், அதன்மேல் ஏறித் தென் அமெரிக்கக் கண்டம் முழுவதையும் கண்டுவர நண்பர் இருவரும் துணிந்தனர். 1952ஆம் ஆண்டு சனவரித் திங்களில் புவெனஸ் அயர்ஸ் நகரிலிருந்து புறப்பட்டனர். குவேராவுக்கு அப்போது வயது 23. கூடாரம், போர்வை, மருந்து, சமைக்கும் ஏனம் முதலியவற்றைச் சுமந்து வண்டி தள்ளாடிச் சென்றது.

மணற்பாதையிலும் சரளைக்கற்களிலும் அவர்கள் வீழ்ந்தெழுந்த முறைகள் பல. வண்டியின் உறுப்பு ஏதேனும் கழன்றால் கிரனாடோ கம்பியால் கட்டிச் சரிசெய்வார். ஆண்டிஸ் மலைப்பகுதியின் ஏரிகளைக் கண்டு அவர்தம் கண்கள் களித்தன. கையில் பொருளின்மையால், ஏரியைக் கடக்கும் படகில் ஊறிய நீரை இறைத்து வெளியேற்றி, அவ்வுழைப்பையே கூலியாகத் தந்து சிலி நாட்டை அடைந்தனர். அங்குச் சரிவான சாலையொன்றில் தடைக்கருவி செயலற்றுப் போயிற்று. எதிரே மாட்டு மந்தை வந்தது. ஒரு மாட்டின் காலில் உராய்ந்த வண்டி, சாலையோர மேட்டில் ஏறி நின்றது. நண்பர் இருவரும் காயமின்றி உயிர் தப்பினர். சின்னாள்களில், மலையேற்றம் ஒன்றில் வண்டி அடியோடு செயலிழந்தது. அதனைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சாந்தியாகோ நகருக்குக் கொண்டுபோய் அங்கேயே விட்டனர்.

நடந்து கண்ட உலகம்

வண்டி போனபின் அவர்கள் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் திரும்பவில்லை. சரக்கு வண்டிகளில் இடங்கேட்டும், நடந்தும், கப்பலில் ஒளிந்தும் வடக்கு நோக்கிச் சென்றனர். விரைந்து செல்வோர் காட்சிகளைக் காண்பர். நடந்து செல்வோரே மாந்தரைக் காண்பர். வீரச்செயல் நாடிப் புறப்பட்ட அவர்களுக்கு மெய்யான கல்வி இங்கேதான் தொடங்கிற்று.

வால்பரைசோ துறைமுக நகரில் ஏழை மூதாட்டி ஒருவரைக் காணுமாறு குவேரா அழைக்கப்பட்டார். அம்மூதாட்டிக்கும் ஆஸ்துமா இருந்தது, நெஞ்சும் தளர்ந்திருந்தது. உழைக்கும் வன்மை இருந்த நாள்வரை உணவுக்கடையில் பணிவிடை செய்து பிழைத்தவர், இப்போது குடும்பத்தார்க்கே சுமையாகக் கிடந்தார். குவேரா தம்மிடமிருந்த சில மாத்திரைகளைக் கொடுத்தார். ஆயினும் வறுமைக்கு மருந்து தம் பையில் இல்லையென அவர் அன்று உணர்ந்தார்.

பின்னர்ச் சிலியின் வடபாலுள்ள பாலைநிலம் வழியே சுக்கிகமாட்டா செப்புச் சுரங்கத்திற்குச் சென்றனர். செல்லும் வழியில் ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் எதிர்ப்பட்டனர். தம் அரசியற் கொள்கைக்காகச் சிறை சென்று மீண்ட அத்தொழிலாளி, வேலை தேடி மலைச் சுரங்கம் ஒன்றிற்குச் சென்றுகொண்டிருந்தார். பாலையின் இரவுக் குளிரில் அவ்விருவர்க்கும் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளியும் இல்லை. நண்பர்கள் தம் கம்பளிகளுள் ஒன்றை அவர்களுக்கு ஈந்து, மற்றொன்றைத் தமக்குள் பகிர்ந்து போர்த்தினர். தம் வாழ்நாளில் மிகுந்த குளிரை உணர்ந்த இரவுகளுள் அதுவும் ஒன்று எனக் குவேரா எழுதி வைத்தார். முன்பின் அறியாத மாந்தரிடத்து உறவு தோன்றிய இரவும் அதுவே.

தொழுநோயாளர் ஊரில்

பெரு நாட்டில் மச்சு பிச்சு மலையின் பண்டை நகரக் கற்சுவர்களை வியந்து நோக்கினர். அந்நகரைக் கட்டியோரின் வழித்தோன்றல்கள் சொந்த நிலமின்றி வாடுவதையும் கண்டனர். லிமா நகரில் தொழுநோய் மருத்துவ அறிஞர் ஊகோ பெஸ்ஸே அவர்களை அன்புடன் ஏற்று உதவினார். அந்நகரின் தொழுநோயாளர்களோடு நண்பர்கள் கைகுலுக்கினர், ஒருங்கமர்ந்து உரையாடினர், பந்தாடினர். தம்மை மனிதராக மதித்தமைக்கு நன்றியாக, நோயாளிகள் தமக்குள் சிறு தொகை திரட்டி வழிச்செலவுக்கு அளித்தனர்.

அமேசான் ஆற்றங்கரையில் சான் பாப்லோ என்னும் தொழுநோயாளர் ஊர் இருந்தது. அங்கு இருவரும் சில நாள் தங்கிப் பணிபுரிந்தனர். குவேராவின் இருபத்து நான்காம் பிறந்தநாளும் அங்கேயே கொண்டாடப்பட்டது. விடைபெறும் வேளையில் நோயாளிகள் படகில் வந்து இசைவிருந்து அளித்தனர். இசைக்கருவி வாசித்தவர்க்கு வலக்கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டில் கட்டிய சிறு குச்சிகளே விரல்களாயின. பாடியவர்க்கோ கண்பார்வை இல்லை. உறுப்புக் குறைந்தாலும் உள்ளம் குறையாத மாந்தரை அங்குக் குவேரா கண்டார்.

அங்கிருந்தோர் செய்தளித்த மரத்தெப்பத்தில் ஆற்றோடு மிதந்து சென்றனர். இறங்கவேண்டிய லெட்டிசியா ஊரைக் கடந்து நெடுந்தொலைவு சென்றபின்னரே விழித்துக்கொண்டு, வேறு படகில் திரும்பினர். அவ்வூர்க் கால்பந்துக் குழுவைப் பயிற்றிப் பொருளீட்டிக் கொலம்பியாவின் தலைநகர்க்குச் சென்றனர். வெனிசுலாவை அடைந்ததும் கிரனாடோ அங்கேயே பணியேற்றார். குவேரா குதிரைகளை ஏற்றிச் சென்ற விமானத்தில் மியாமி சென்று, 1952 ஆகஸ்டு இறுதியில் தாயகம் மீண்டார்.

பயணத்தின் பயன்

ஊர் மீண்ட குவேரா, புறப்பட்ட குவேராவாக இல்லை. 1953ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றும், தனி மருத்துவராகிப் பொருள் திரட்ட எண்ணவில்லை. மீண்டும் பயணம் சென்றார். கியூபப் புரட்சியில் பங்குகொண்டு, 1959ஆம் ஆண்டு அமைந்த புதிய அரசில் பொறுப்புகள் ஏற்றார். 1967ஆம் ஆண்டு பொலிவியா நாட்டில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் பின்னாளில் ஏந்திய படைக்கல வழியைப் போற்றுவோரும் உளர், மறுப்போரும் உளர். கிரனாடோ கியூபாவில் குடியேறி மருத்துவக் கல்விக்குத் தொண்டாற்றி, 2011ஆம் ஆண்டு மறைந்தார். குவேரா எழுதிய பயணக் குறிப்புகள், அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து நூலாக வெளிவந்து உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டன.

புதியன காணும் வேட்கை இளமைக்கு இயல்பு. மலையேறுதலும், ஆறு கடத்தலும், வண்டியூர்ந்து செல்லுதலும் உடலுக்கு உரமூட்டும். ஆயினும், வழியில் எதிர்ப்படும் மாந்தரின் இன்ப துன்பங்களை அறிந்து, இயன்ற உதவி செய்பவர்க்கே பயணம் கல்வியாகும். ஆற்றல் மிக்கதென்று பெயர் பெற்ற வண்டி பாதி வழியில் நின்றது. நோயுற்ற உடலில் வாழ்ந்த ஊக்கமோ கண்டத்தைக் கடந்து சென்றது.